கொழுந்தன் நன்னடத்தைப் பிணையில் இருக்கிறார்: நம் வீட்டுக்குள் யார், எப்போது வரலாம்?

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். மீன் ஏலக்கூடத்தில் நடந்த அடிதடி வழக்கில் அவருடைய கொழுந்தன் மீது குற்றம் நிரூபணமாகி, ஜெயிலுக்கு அனுப்பாமல் 2 வருட நன்னடத்தைப் பிணையில் கோர்ட் விட்டிருக்கிறது. ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் இவருடைய கணவர். கோர்ட்டில் கொடுத்த முகவரி இவர்கள் வீடு. நன்னடத்தை அலுவலர் அவ்வப்போது பகலில் வந்து போகிறார், அதில் தொந்தரவு இல்லை. ஆனால் அண்ணன் தம்பி இருவரும் போட்டில் கடலுக்குப் போயிருக்கும் ராத்திரிகளில், 11 மணிக்கு மேல் ஸ்டேஷனிலிருந்து இரண்டு பேர் வருகிறார்கள். கதவைத் திறக்கச் சொல்லி, உள்ளே வந்து, பிளஸ் டூ படிக்கும் மகளின் அறை வரை டார்ச் அடித்துப் பார்க்கிறார்கள். கடைசியாக வந்தபோது மகளின் செல்போனை வாங்கிப் புரட்டியிருக்கிறார்கள். கேட்டால், "நன்னடத்தையில இருக்கிறவன் வீடு, எப்ப வேணா பார்ப்போம்" என்று பதில். இதற்குச் சட்டத்தில் இடம் உண்டா, எங்கே புகார் கொடுப்பது, மகளின் பாஸ்போர்ட்டுக்குச் சித்தப்பா கேஸ் குறுக்கே நிற்குமா என்பவை கேள்விகள்.

இல்லை, தங்கச்சி. நன்னடத்தைப் பிணை உங்கள் கொழுந்தனைக் கட்டுப்படுத்துகிறது. உங்கள் வீட்டையோ, உங்களையோ, உங்கள் மகளையோ கட்டுப்படுத்தவில்லை. அவர் அந்த முகவரியில் தங்குகிறார் என்பதற்காக அந்த வீட்டின் கதவு போலீசுக்கு நிரந்தரமாகத் திறந்துவிடுவதில்லை.

ஆனால் இதை வைத்துக்கொண்டு வாசலில் வாதாடுவதற்கு முன், கையில் என்ன காகிதம் இருக்கிறது என்று பாருங்கள். நம் பக்கத்தில் நாலு வேறு வேறு சங்கதிகளை ஒரே பெயரில் பேசுகிறோம். வழக்கு முடியும் முன் ஜாமீனில் வந்து தினம் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடுவது ஒன்று. அது ஜாமீன் நிபந்தனை, வழக்கு நடக்கும்போது மட்டும். கோட்டாட்சியர் முன்னால் "இனி வம்புக்குப் போக மாட்டேன்" என்று எழுதிக் கொடுப்பது இன்னொன்று. அதையும் நன்னடத்தைப் பிணை என்றுதான் பேப்பரில் போடுவார்கள், ஆனால் அது குற்றம் நடக்காமல் தடுக்க எழுதி வாங்குவது. மூன்றாவது, ஸ்டேஷனில் ஒருவர் பேரில் சரித்திரப் பதிவேடு திறப்பது, அதாவது ரவுடி லிஸ்ட். நாலாவதுதான் உங்கள் வீட்டு விவகாரம்: 1958-ம் ஆண்டு குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம், 4-வது பிரிவு. தண்டனையை அறிவிக்காமல் நிறுத்திவைத்து, அதிகபட்சம் 3 வருடத்துக்குப் பிணை எழுதி வாங்கிக்கொண்டு வெளியே விடுவது. ராத்திரியில் வந்த போலீஸ்காரர் மனசில் மூன்றாவதை வைத்துக்கொண்டு வாயில் நாலாவதைச் சொல்லியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

ஆகவே முதல் வேலை, கோர்ட் உத்தரவின் நகலை எடுத்து முழுக்கப் படிப்பது. அதில் 'மேற்பார்வை ஆணை' என்று தனியாக ஒன்று இருக்கிறதா பாருங்கள். எல்லா நன்னடத்தை உத்தரவிலும் அது இருக்காது. அலுவலர் வந்துபோகிறார் என்பதால் உங்களுக்கு இருக்கும். அது குறைந்தது ஒரு வருடத்துக்குப் போடப்படுவது. எங்கே குடியிருக்க வேண்டும், குடிக்கக் கூடாது, இன்னின்னாரோடு சேரக் கூடாது என்கிற நிபந்தனைகள் எல்லாம் அதில்தான் வரும். அந்த ஆணையில் ஒரு நகலைக் கொழுந்தனுக்கும், ஒரு நகலை ஜாமீன்தாரருக்கும் கோர்ட்டே கொடுத்தாக வேண்டும் என்று அதே 4-வது பிரிவு சொல்கிறது. உங்கள் கணவர்தான் ஜாமீன்தாரர். பெரும்பாலான வீடுகளில் அது வக்கீல் ஆபீஸ் கட்டிலேயே தங்கிவிடுகிறது. கேட்டு வாங்கி, ஜெராக்ஸ் எடுத்து வாசலுக்குப் பக்கத்தில் வையுங்கள். அதில் "போலீஸ் எந்நேரமும் வீட்டைச் சோதனையிடலாம்" என்ற வரி இருக்காது. நான் பார்த்த உத்தரவுகள் எதிலும் இருந்ததில்லை.

அப்படி ஒரு வரி அமெரிக்காவில் உண்டு. அங்கே பல மாநிலங்களில் வாரண்ட் இல்லாமல் சோதனைக்கு உடன்படுகிறேன் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் விடுவார்கள். அந்த நிபந்தனையின் பேரில், நியாயமான சந்தேகம் இருந்தால், சோதனை செல்லும் என்று அவர்கள் உச்ச நீதிமன்றமே 2001-ல் சொல்லிவிட்டது. யூடியூபில் அந்த ஊர் வீடியோக்களைப் பார்த்துவிட்டு நம் ஆட்களும் பயப்படுகிறார்கள். அந்தச் சட்டம் பாம்பன் பாலத்தைத் தாண்டி வராது.

இனி வருகிறவர்களை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நன்னடத்தை அலுவலர் வருவது சட்டப்படி. கொழுந்தனைச் சந்திப்பது, அவர் எப்படி இருக்கிறார் என்று விசாரிப்பது, வேலை கிடைக்க உதவுவது எல்லாம் அவர் கடமை. வீட்டுச் சூழல் எப்படி என்று உங்களிடமும் நாலு கேள்வி கேட்பார். அவருக்குச் சோதனை போடும் அதிகாரத்தை அந்தச் சட்டம் கொடுக்கவில்லை. பீரோவைத் திற என்று சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டார். திண்ணையில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் பேசிப் போகிறவரை நல்லபடியாகவே வைத்துக்கொள்ளுங்கள். அவர்தான் உங்கள் கொழுந்தனுக்குக் கோர்ட்டில் பேசப்போகிற வாய். தீர்ப்புக்கு முன்னால் அவர் குடும்பத்தைப் பற்றிக் கோர்ட்டுக்குக் கொடுத்திருக்கும் அறிக்கையும் இரகசியமானது என்று 7-வது பிரிவு சொல்கிறது. அதில் என்ன இருக்கிறது என்று ஊர்க்கமிட்டியோ வழக்கின் எதிர்த்தரப்பினரோ கேட்டு வாங்க வழியில்லை.

போலீஸ் வேறு. நன்னடத்தைச் சட்டத்தில் கொழுந்தனை மேற்பார்வை பார்க்கும் வேலை அலுவலருக்கு, இல்லையென்றால் கோர்ட் பெயர் சொல்லி நியமித்தவருக்கு. ஸ்டேஷனுக்கு இல்லை. போலீஸ் உங்கள் வீட்டுக்குள் காலெடுத்து வைக்கப் பொதுவாக மூன்று வழிதான் உண்டு, நீங்களாக உள்ளே கூப்பிட்டால் தவிர.

ஒன்று, கோர்ட் கொடுத்த சோதனை வாரண்ட். இரண்டு, கைது செய்ய வேண்டிய ஆள் உள்ளே இருக்கிறார் என்று நம்பக் காரணம் இருப்பது. உதாரணமாக, கொழுந்தன் நிபந்தனையை மீறினார் என்று கோர்ட்டே நன்னடத்தைச் சட்டம் 9-வது பிரிவில் வாரண்ட் போட்டிருந்தால், வந்தவர்களுக்குக் கதவைத் திறந்துவிட வேண்டும், தடுக்கக் கூடாது. அப்போதும் வெளியார் முன் வராத வழக்கமுள்ள பெண்கள் இருக்கும் அறை என்றால், அவர்கள் ஒதுங்கிக்கொள்ளலாம் என்று சொல்லி, ஒதுங்க நேரமும் வசதியும் கொடுத்த பிறகே நுழைய வேண்டும். கீழக்கரை, தொண்டிப் பக்கத்து வீடுகளுக்கு இது முக்கியம். கைது செய்ய வேண்டியவரே அந்தப் பெண் என்றால் மட்டும் இந்தச் சலுகை இல்லை.

மூன்றாவதுதான் அடிக்கடி தவறாகப் பயன்படுவது: வாரண்ட் இல்லாத சோதனை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 185-வது பிரிவு, பழைய சட்டத்தில் 165. விசாரித்துக்கொண்டிருக்கும் ஒரு குற்றம் இருக்க வேண்டும். அதற்குத் தேவையான இன்ன பொருள் இந்த வீட்டில் இருக்கிறது என்று நம்பக் காரணம் இருக்க வேண்டும். வாரண்டுக்குப் போனால் தாமதமாகிவிடும் என்ற நிலை இருக்க வேண்டும். இவ்வளவையும், என்ன பொருளைத் தேடுகிறோம் என்பதையும், உள்ளே நுழையும் முன்பே கேஸ் டைரியில் எழுதியாக வேண்டும். சோதனையை செல்போனிலாவது வீடியோ எடுக்க வேண்டும். எழுதியதன் நகலை 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும். வீட்டுக்காரர் மனுக் கொடுத்தால் அவருக்கும் இலவசமாக நகல் உண்டு. அக்கம்பக்கத்தில் வழக்கோடு சம்பந்தமில்லாத இரண்டு பேரையாவது சாட்சிக்குக் கூப்பிட வேண்டும். வீட்டில் இருப்பவர் கூடவே நின்று பார்க்கலாம். எடுத்த பொருளுக்கு மஹஜர், அதாவது பட்டியல், எழுதி நகல் தர வேண்டும். பெண்ணின் உடலைச் சோதிப்பது இன்னொரு பெண் மட்டுமே.

உங்கள் வீட்டில் நடந்ததை இதோடு வைத்துப் பாருங்கள். குற்றம் எது, பொருள் எது, சாட்சி யார், வீடியோ எங்கே? "சும்மா பார்க்க வந்தோம்" என்பது சோதனையும் அல்ல, கைதும் அல்ல.

ராத்திரி வீட்டுக்கு வந்து பார்க்கும் இந்தப் பழக்கத்தை நம் உச்ச நீதிமன்றம் 1962-லேயே தொட்டிருக்கிறது. உத்தரப் பிரதேசத்தில் கரக் சிங் என்பவர் கொள்ளை வழக்கில் போதிய சாட்சியம் இல்லாமல் விடுவிக்கப்பட்டவர். ஆனாலும் ஸ்டேஷனில் சரித்திரப் பதிவேடு திறந்து, நடுராத்திரியில் கதவைத் தட்டி எழுப்பிப் பார்த்துவந்தார்கள். ஆறு நீதிபதிகள் கேட்ட வழக்கு. ராஜகோபால ஐயங்கார் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு, ராத்திரி வீடு தேடிப் போகும் அந்த விதியை மட்டும் ரத்து செய்தது. வெளியிலிருந்து நோட்டம் விடுவதைத் தடுக்கவில்லை. அந்தரங்க உரிமை என்று ஒன்று அரசியல் சட்டத்தில் இல்லை என்றும் சொல்லிவைத்தது. ஆறு பேரில் ஒருவரான நீதிபதி சுப்பாராவ் அதை ஏற்காமல் தனியாக எழுதினார். 2017 ஆகஸ்ட் 24-ல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து அந்தரங்கம் அடிப்படை உரிமைதான் என்று சொன்னபோது, சுப்பாராவ் பக்கம்தான் கடைசியில் நின்றது. இடையில் 1975-ல் மத்தியப் பிரதேசத்தின் கோவிந்த் வழக்கில், சட்டத்தின் பேரில் செய்த விதி இருந்தால் வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்றார்கள். ஆனால் குற்றத்தையே பிழைப்பாக வைத்து வாழ்கிறவர்களைத் தவிர மற்றவர்களிடம் அதைக் காட்டக் கூடாது என்று கட்டும் போட்டார்கள். போலீஸ் தரப்பு வக்கீல் இதைத் தூக்கிக்கொண்டு வரலாம் என்பதால் சொல்லிவைக்கிறேன். ஏலக்கூடத்தில் ஒரு தரம் கை ஓங்கி, கோர்ட்டே திருந்த வாய்ப்புக் கொடுத்திருக்கும் ஆள் அந்த வகையில் வரமாட்டார். இன்னொன்று, இந்த வழக்குகளில் நின்றவர்கள் போலீஸ் கண்ணில் இருந்தவர்களே. உங்கள் பேரிலும் உங்கள் மகள் பேரிலும் ஒரு பெட்டி கேஸ்கூடக் கிடையாது. உங்கள் நிலை அவர்களைவிட உறுதியானது.

அடுத்த முறை வந்தால் என்ன செய்வது? ராமேஸ்வரம் விசைப்படகுகள் எந்தெந்த நாள் கடலுக்குப் போகும் என்பது ஊருக்கே தெரியும், ஸ்டேஷனுக்கும் தெரியும். வீட்டில் பெண்கள் மட்டும் இருக்கும் ராத்திரிகள் எவை என்பதும் அதோடு சேர்ந்தே தெரியும். கதவைத் திறக்காமல் ஜன்னல் வழியாகப் பேசுங்கள். "அவர் கடலுக்குப் போயிருக்கார். ஆம்பளைங்க யாரும் இல்லை. வாரண்ட் இருந்தாக் காட்டுங்க, இல்லேன்னா காலையில வாங்க" என்று சொன்னால் போதும், குரல் உயர்த்த வேண்டாம். பெயர்ப் பட்டையைப் பார்த்துப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டு மதினியை போனில் கூப்பிட்டு வெளியே வந்து நிற்கச் சொல்லுங்கள். நடப்பதை நீங்கள் செல்போனில் பதிவு செய்யலாம். அவர்கள் மீறி உள்ளே வந்தால் குறுக்கே விழுந்து மறிக்காதீர்கள். அரசு ஊழியரைத் தடுத்தார் என்று உங்கள் மேலேயே ஒரு வழக்கு எழுத அது போதும். "எனக்குச் சம்மதம் இல்லை" என்று வாய்விட்டு, பதிவில் விழுகிற மாதிரி இரண்டு தரம் சொல்லிவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். இதைச் சொன்னீர்களா இல்லையா என்பதுதான் பிறகு எல்லாப் புகாருக்கும் அடிப்படை. பேசாமல் இருந்தால், 'வீட்டுக்காரம்மா சம்மதத்தோட போனோம்' என்று எழுதிவிடுவார்கள்.

மகளின் போன் தனி விஷயம். ரோந்துக்கு வந்தவர் ஒரு பிள்ளையின் போனை வாங்கி வாட்ஸ்அப்பைப் புரட்ட எந்தப் பிரிவும் இல்லை. விசாரணைக்குத் தேவை என்றால் எழுத்தில் கேட்க வேண்டும், அல்லது முறைப்படி பறிமுதல் செய்து நகல் தர வேண்டும். லாக்கைத் திற என்றால், "அப்பா வந்த பிறகு வக்கீலைக் கேட்டுச் சொல்றோம்" என்று சொல்லப் பழக்குங்கள். கொழுந்தனின் லொக்கேஷனை வீட்டார் போனிலிருந்து தினம் அனுப்பு என்றாலும் மறுக்கலாம். கூகுள் மேப்பில் இருப்பிடத்தைப் பகிரச் சொல்லும் நிபந்தனையை ஜாமீனில் இருப்பவருக்கே போடக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

வந்தவர்கள் குடும்பத்தோடு போட்டோ எடுத்தார்களா, பிள்ளைகள் பெயரை எழுதினார்களா என்பதையும் நினைவுபடுத்திப் பாருங்கள். ஒருவேளை கொழுந்தன் பேரில் சரித்திரப் பதிவேடு திறந்திருந்தால்கூட, அதில் வீட்டிலுள்ள 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் விவரத்தைச் சேர்க்கக் கூடாது. அந்தப் பிள்ளை அவருக்கு ஒளிய இடம் கொடுத்ததாக ஆதாரம் இருந்தால் மட்டுமே விலக்கு. டெல்லி எம்.எல்.ஏ. அமானத்துல்லா கான் வழக்கில் 2024 மே மாதம் வந்த தீர்ப்பு இது. அந்தப் பதிவேடு ஸ்டேஷனுக்குள் இருக்க வேண்டிய ஆவணம், ஊர் பார்க்க அல்ல என்றும் அதில் இருக்கிறது. பொதுவாக டெல்லி போலீஸ் பற்றியது என்றாலும், மற்ற மாநிலங்களும் இதைக் கவனிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

"நாளைக்கு ஸ்டேஷனுக்கு வந்து சொல்லிட்டுப் போம்மா" என்பதற்கும் போக வேண்டியதில்லை. சாட்சியாக விசாரிப்பதானால் பெண்களை அவர்கள் வீட்டில் வந்துதான் விசாரிக்க வேண்டும். 15 வயதுக்குக் கீழ், 60 வயதுக்கு மேல் உள்ள ஆண்களுக்கும் அப்படியே. உங்கள் மாமனாருக்கும் இது பொருந்தலாம்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை யாரும் சொல்வதில்லை. உங்கள் உரிமை பலமாக நிற்க வேண்டுமானால், வீட்டுக்குள் எது அவருடையது எது உங்களுடையது என்பது தெளிவாக இருக்க வேண்டும். ஒரு ஹால், ஒரு பீரோ, எல்லார் சாமானும் ஒரே இடத்தில் என்று இருக்கும் வீட்டில் முறையான சோதனை ஒன்று நடந்து ஏதாவது அகப்பட்டால், அது யாருடையது என்று நிரூபிக்கும் பாடு எல்லாருக்கும் வரும். கொழுந்தனுக்கு ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு சின்ன அறை அல்லது தடுப்பு, அதற்குத் தனிப் பூட்டு என்று ஒதுக்குங்கள். கடல் அட்டை காயப்போடுவது, யாரோ வைத்துவிட்டுப் போன மூட்டையைக் கொல்லையில் விட்டுவைப்பது போன்ற பழக்கம் அறவே கூடாது. கடல் அட்டை 2001 முதல் வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதை வாங்கி விற்கும் வழக்கில் தண்டனை வந்தால் பெரியவர்களுக்கு நன்னடத்தைச் சட்டமே பொருந்தாது என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். கஞ்சா வழக்கிலும் ஏறக்குறைய அப்படித்தான், சொந்தமாகக் குடித்த வழக்கு போன்ற சிலவற்றுக்குத்தான் விலக்கு. இப்போது கிடைத்திருக்கும் வாய்ப்பு அடுத்த முறை கிடைக்காது.

கணவர் ஜாமீன்தாரர் என்பதால் கொழுந்தன் தவறினால் கோர்ட் சம்மன் அவருக்கும் வரலாம். நிபந்தனையை முதல் தடவை மீறினால், கோர்ட் மனசு வைத்தால், 50 ரூபாய் வரை அபராதத்தோடு பிணையைத் தொடரவிடலாம். 1958-ல் எழுதிய அதே 50 ரூபாய். மனசு வைக்காவிட்டால் பழைய குற்றத்துக்கே தண்டனை. அவரை வீட்டில் வைத்திருக்க இனி முடியாது என்று நீங்கள் இருவரும் முடிவெடுத்தால் அதுவும் உங்கள் உரிமைதான். ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் அனுப்பிவிடாதீர்கள். முகவரி மாறுவதை அலுவலரிடம் சொல்லி, அவர் மூலமாகக் கோர்ட்டில் 8-வது பிரிவின்படி மனுப் போட்டு, கோர்ட் நிபந்தனையை மாற்றிய பிறகே மாற வேண்டும்.

புகார் எங்கே என்று கேட்டிருக்கிறீர்கள். நடந்த தேதி, நேரம், பெயர்களோடு முதலில் நன்னடத்தை அலுவலருக்கு ஒரு கடிதம்; பல சமயம் அவர் ஸ்டேஷனுக்கு ஒரு போன் போட்டாலே நின்றுவிடும். நிற்காவிட்டால் மாவட்ட எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் மனு, ஒப்புகை அட்டையோடு. மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் எழுதலாம், நடந்து ஒரு வருடத்துக்குள். அதற்கு மேல் போக வேண்டுமானால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. வக்கீல் செலவுக்குப் பயப்படாதீர்கள்: பெண் என்பதாலேயே, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், உங்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. ராமநாதபுரத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். போனில் கேட்க 15100.

மகளுக்கு நாளைக்கு பாஸ்போர்ட் விசாரணை வந்தால் சித்தப்பா கேஸ் குறுக்கே நிற்குமா என்ற பயத்துக்கு ஒரே வரிதான் பதில்: அவளுடைய பாஸ்போர்ட்டுக்கு அவள் பேரில் வழக்கு உண்டா என்பதே பேச்சு, சித்தப்பா பேரில் உள்ளது அதில் வராது.

நீங்கள் கேட்காத ஒன்று. கொழுந்தன் போட்டுக்குப் போகிறவர் என்பது அலுவலருக்கு எழுத்தில் தெரியுமா? கடலுக்குப் போகும் ராத்திரிகளில் அவர் வீட்டில் இருக்கமாட்டார் என்பதைப் படகு உரிமையாளர் கடிதத்தோடு இப்போதே கொடுத்துவையுங்கள். "வீட்டில் ஆளில்லை" என்று போலீஸ் எழுதும் அறிக்கைக்கு அதுவே பதில். எல்லை தாண்டியதாக இலங்கை நேவி பிடித்துப்போய் மன்னாரிலோ ஊர்காவற்றுறையிலோ ரிமாண்ட் செய்துவிட்டால், அவர் அலுவலரைப் பார்க்க வேண்டிய தேதி தவறும். குடியிருப்பு நிபந்தனையும் பேச்சுக்கு வரும். அந்தச் செய்தி டிவியில் வந்த அன்றைக்கே, மீன்வளத் துறைப் பட்டியலில் அவர் பெயர் இருக்கும் பக்கத்தை எடுத்துக்கொண்டு உங்கள் கணவரோ நீங்களோ அலுவலரிடமும் வக்கீலிடமும் போய்விட வேண்டும். சம்மன் வரும்வரை காத்திருக்காதீர்கள்.